ஆவி படிந்த கண்ணாடிக்கு ஒரே ஆள்

மொந்தெவிதேயோவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பெயர் வாங்குவது பெரிய வித்தை இல்லை. ஊரே குப்பை என்று ஒதுக்கிய ஒன்றை நல்லது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விடாமல் இருபத்தைந்து வருடம் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டுநர் வில்மார் சொன்னார். அதனால் சந்தையில் அவருக்கு 'கண்ணாடி வில்மார்' என்று பெயர் விழுந்தது.

அவர் கண்ணாடி போடுகிறவர் இல்லை. சீரோ பல்பார்தா 1986இல் வெளியிட்ட தனி இசைத்தட்டுக்கு 'ஆவி படிந்த கண்ணாடி' என்று பெயர். பல்பார்தாவைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் தொட்டிலில் கிடப்பவர்கள் மட்டும்தான். ராணுவம் ஆண்ட காலத்தில், 'லோஸ் கல்போனெஸ்' குழுவில் கிதாரைக் கட்டிக்கொண்டு அவர் கத்திய கத்தலில்தான் பாதி ஊர் மூச்சு விட்டது. ராணுவம் போனது. குழுவும் உடைந்தது. பல்பார்தா தலைமுடியை உப்ப வைத்துக்கொண்டார். டிரம்ஸ்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானாகத் தாளம் போடும் மெஷின் ஒன்றை வாங்கினார். தனியாக ஒரு தட்டுப் போட்டார். அதைக் கேட்ட அன்று ரசிகர்கள் எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்களாம்.

சந்தையில் பழைய இசைத்தட்டு விற்கிற தார்தோ அன்றைக்கே ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

"என் கடையில அது இருக்கலாம். விக்கலாம். ஆனா என் மெஷின்ல சுத்தக்கூடாது. முள்ளு பட்டுதுன்னா முள்ளுக்கே சொறி வந்துரும்."

கடை என்றால் இரண்டு பலகை, எட்டுப் பெட்டி, ஒரு ரெக்கார்டு பிளேயர். ஞாயிறு காலை வில்மார் அங்கே வந்துவிடுவார். கக்கத்தில் வெந்நீர்ப் பிளாஸ்க், கையில் மாத்தே குடுவை. அந்தக் கசப்பு இலையை நனைத்து, வெந்நீர் ஊற்றி ஊற்றி, ஒரே குழலை எல்லோருக்கும் வரிசையாகக் கொடுக்கும் வேலை அவருடையது. முடிதிருத்துகிற ஹெபெரும் வருவார். குடுவை ஒரு சுற்று முடிவதற்குள் சண்டை தொடங்கிவிடும்.

"டேய் கண்ணாடி, அது பாட்டாடா? துணி தோய்க்கிற மெஷின்ல பித்தான் மாட்டிக்கிட்ட சத்தம்டா அது."

"ஹெபெரு, நீ காதைச் சுத்தி வெட்டியே பழகினவன். காதுக்குள்ள என்ன போகுதுன்னு உனக்கென்னடா தெரியும்?"

"கல்போனெஸ்ல பாடினது மனுசன். இதுல பாடுறது அவன் போட்ட ஜாக்கெட்" என்பார் தார்தோ.

இப்படி மூன்று பேர் கூடினால் இரண்டு பேர் அந்தப் பக்கம், முப்பது பேர் கூடினால் இருபத்தொன்பது பேர் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் எப்போதும் வில்மார் மட்டும். தோற்றுத் தோற்றே ஆள் தெம்பாக இருந்தார்.

வேறு எதில் அவர் தனி ஆள்? அப்பா ஊரின் மேற்கு ஓரத்துச் செர்ரோ பேட்டையில், இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு அறுத்தவர். அது மூடிக்கொண்டது. வில்மார் இருபத்துமூன்று வயதில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார், இன்னும் இறங்கவில்லை. எண்பத்தேழாம் வருடக் குளிர்காலத்தில், அவருடைய பஸ்ஸின் கண்டக்டர் எல்பியோ, எங்கேயோ காப்பி எடுத்த ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டு, "உனக்குப் பிடிக்காது, சும்மா கேளு" என்றார். அதிகாலை முதல் டிரிப்பு. முன்கண்ணாடி முழுக்க ஆவி. ஒரு கையால் துடைத்துக்கொண்டே கேட்டார். பிடித்துவிட்டது. மனைவி பிரிந்தபோது சாமான்களைப் பங்கு போட்டார்கள். அவள் ஃபிரிட்ஜை எடுத்துக்கொண்டாள், கேசட்டைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் சண்டை போட்டுப் பார்த்திருக்கலாம் என்று வில்மாருக்கு இன்றைக்கும் ஒரு குறை.

சண்டைக்கு இருபத்தைந்து வயது ஆன வருடம், இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, சுல்மா என்று ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கார்னிவல் பாட்டுக் குழுக்களுக்கு உடுப்புத் தைக்கிறவர். கோட்டில் ஜிகினா ஒட்டியிருந்தது. பெட்டிகளைப் புரட்டாமல் நேராகத் தார்தோவைக் கேட்டார்:

"'ஆவி படிந்த கண்ணாடி' நல்ல காப்பி இருக்கா? என்னோடது தேஞ்சு போச்சு."

தேய்ந்து போச்சு! வில்மாருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கால் நூற்றாண்டு கழித்து ஒரு கூட்டாளி! அந்தச் சந்தோஷம் அரைக் குடுவை மாத்தே குடிக்கிற நேரம் இருந்தது.

"அந்தத் தாள மெஷினைத்தானே எல்லாரும் திட்டுறாங்க?" என்றார் சுல்மா. "லிஃப்டுக் கதவு சாத்தினதும், உள்ள ஒருத்தன் தனியா நிக்கிறான் பாருங்க. அவனுக்குக் கேக்குற சத்தம் அது. பாவம், கூட ஆள் இருந்தா டிரம்ஸ் வச்சிருப்பான்."

தார்தோ தாடியைச் சொறிந்தார். பிறகு, "அட" என்றார்.

அந்த 'அட' வில்மார் காதில் காய்ச்சிய ஈயமாக இறங்கியது. இருபத்தைந்து வருடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார்; ஒரு 'அட' கிடைத்ததில்லை. இந்த அம்மாள் வந்து கால் மணி நேரம் ஆகவில்லை.

"நான் இதையேதானடா சொன்னேன்" என்றார்.

"நீ எங்கடா சொன்ன? நீ 'செவிட்டுப் பசங்களா'ன்னுதான் சொன்ன" என்றார் ஹெபெர்.

அடுத்த ஞாயிறும் சுல்மா வந்தார். மாத்தேயில் முதல் வாய் எப்போதும் ஊற்றுகிறவருக்கு. அதில்தான் தூசும் கசப்பும் மொத்தமாக வரும். விருந்தாளிக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை. வில்மார் முகத்தைப் பால் மாதிரி வைத்துக்கொண்டு, முதல் வாயைச் சுல்மாவிடம் நீட்டினார். சுல்மா குழலில் சத்தம் வரும்வரை உறிஞ்சினார். கண் ஒரு முறை மட்டும் இறுகித் திறந்தது.

"நல்ல கை உங்களுக்கு" என்று குடுவையைத் திருப்பிக் கொடுத்தார்.

தார்தோ பார்த்துவிட்டார். சுல்மாவுக்கு உட்காரத் தன் முக்காலியை நகர்த்திப் போட்டார். அந்த முக்காலியில் வில்மாரை ஒரு நாளும் உட்காரவிட்டதில்லை.

அதற்கடுத்த ஞாயிறு ஹெபெர் அந்தத் தட்டிலிருந்து ஒரு மெட்டைச் சீழ்க்கை அடித்துக்கொண்டே வந்தார். எங்கே பிடித்தாரோ! வில்மார் குடுவையைக் கீழே வைத்தார். வாயில் என்ன வருகிறது என்று தெரியாமலே சொன்னார்:

"ரெண்டாவது பக்கம் கொஞ்சம் தொய்வுதான்டா, சொல்லப் போனா."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள், போப்பாண்டவர் கடவுளைப் பற்றிச் சந்தேகம் கேட்டதுபோல.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல. பொதுவா ஒரு கருத்து. அந்தத் தாள மெஷினும் கொஞ்சம் அதிகம்."

"வில்மார்," என்றார் சுல்மா, அமைதியாக, "நீங்கதான் இதுக்கு இந்தச் சந்தையிலேயே ஒரே ஆளுன்னு சொன்னாங்க. அதைக் கேட்டுத்தான் நான் இங்க வந்தேன்."

வில்மார் பிளாஸ்க் மூடியை இறுக்குவது மாதிரி குனிந்துகொண்டார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

விஷயம் அத்தோடு நின்றிருக்கும். ஆனால் மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு சுல்மா தன் தேய்ந்த தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தார்தோ தானாகவே கையை நீட்டினார்.

"முள்ளுக்குச் சொறி வந்தா நீங்கதான் பொறுப்பு, அம்மா."

சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினார். வில்மார் எத்தனை முறை கெஞ்சியிருக்கிறார் என்பதை இங்கே சொல்ல வேண்டாம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பொறாமை இருந்தாலும் பாட்டு பாட்டுதானே. தட்டு சுழன்றது. தாளம் தொடங்கியது. குரல் வந்தது.

வில்மார் கண்ணைத் திறந்தார்.

அவருடைய கேசட்டில் பாடுகிற பல்பார்தா சவரம் செய்யாதவர், தூக்கம் கெட்டவர், சொல்லுக்குச் சொல் நடுவே நின்று யோசிக்கிறவர். இங்கே பாடியது எலிப்பொறியில் வால் மாட்டிக்கொண்ட யாரோ ஒரு பையன். தாளம் தபதபவென்று யாரையோ துரத்திக்கொண்டு ஓடியது.

"நிறுத்து! குண்டா, உன் மெஷின் வேகமா ஓடுது! இது இல்ல பாட்டு!"

தார்தோவின் எடையைச் சொன்னால் பொறுப்பார், மெஷினைச் சொன்னால் பொறுக்க மாட்டார். பெட்டியிலிருந்து கல்போனெஸ் தட்டு ஒன்றை உருவிப் போட்டார். எல்லோருக்கும் தூக்கத்தில்கூடத் தெரிந்த பாட்டு. சரியாக ஓடியது, இம்மி பிசகவில்லை. மறுபடி சுல்மாவின் தட்டைப் போட்டார். மறுபடி அந்த எலிப்பொறிப் பையன்.

சுல்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது.

"நீங்க எதுல கேட்டீங்க வில்மார்?"

"கேசட்டுல."

"கடையில வாங்கினதா?"

"காப்பி."

"காப்பி எடுத்த மெஷின் வேகமா ஓடியிருக்கும். அதனால உங்க கேசட்டு எதுல போட்டாலும் மெதுவாத்தான் பாடும். வேற எங்கயும் இந்தப் பாட்டை நீங்க கேட்டதே இல்லையா?"

எங்கே கேட்பது? வானொலி அதைப் போடவில்லை. தார்தோ அதைச் சுழல விடவில்லை. வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இல்லை.

முதலில் ஹெபெர் சிரித்தார். சிரித்துச் சிரித்து இசைத்தட்டுப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இருபத்தஞ்சு வருசம் எங்களோட மல்லுக்கட்டினியேடா! எந்தத் தட்டுக்காகடா? அப்படி ஒரு தட்டு உலகத்துலயே இல்லடா!"

"அப்ப நாங்க குப்பைன்னு சொன்னது சரி. நீ நல்லாருக்குன்னு சொன்னதும் சரி. சண்டையே நடக்கல" என்றார் தார்தோ. அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதுதான் வில்மாரைக் கொன்றது. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வில்மார் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

இரண்டு ஞாயிறு சந்தைப் பக்கமே போகவில்லை. இனி அந்தத் தட்டுக்கு ஆள் சுல்மாதான். அசல் தட்டு, அசல் வேகம், அசல் ரசிகை. வில்மார் வெறும் டூப்ளிகேட். சிரித்ததைக்கூட மன்னித்துவிடலாம், தார்தோவும் ஹெபெரும் இந்நேரம் சுல்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்களே, அதை நினைத்தால்தான் சிக்னலில் கால் தானாக ஆக்சிலேட்டரை மிதித்தது.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கை நிறைய ஜிகினாத் துணி மூட்டையோடு சுல்மா அவர் பஸ்ஸில் ஏறினார். முன்சீட்டில் உட்கார்ந்தார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் போனது, இறங்கவில்லை. செர்ரோவில் கடைசி நிறுத்தம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டரும் ரொட்டி வாங்கப் போய்விட்டார்.

"டெர்மினல் வந்துருச்சு" என்றார் வில்மார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"தெரியுது. அந்தக் கேசட்டைப் போடுங்க."

"எந்தக் கேசட்டு?"

"வில்மார், நீங்க குடுத்த முதல் வாய் மாத்தேயை நான் மூச்சு விடாம குடிச்சேன். அதுக்கு நீங்க எனக்கு ஒரு பாட்டு கடன்பட்டிருக்கீங்க."

வில்மாருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் கை நகரவில்லை. இதையும் கேட்டால் இதையும் எடுத்துக்கொள்வார். லிஃப்டு என்பார், கதவு என்பார், ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்வார், தார்தோ 'அட' என்பார். மிச்சமிருந்த ஒன்றும் போய்விடும்.

"காப்பி எடுக்கக் கூடாது" என்றார்.

"எடுக்கல."

"யாருக்கும் பாடிக் காட்டவும் கூடாது."

"என் குரலுக்கு அந்தப் பயமே வேண்டாம்."

டாஷ்போர்டில் கட்டி வைத்திருந்த பழைய பிளேயரில் போட்டார். தாளம் மெல்ல மெல்ல வந்தது, ஈர ரோட்டில் நடக்கிற ஆள் மாதிரி. குரல் வந்தது. வில்மார் பாட்டைக் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகச் சுல்மாவின் முகத்தைச் சுங்க அதிகாரி பெட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே பிடித்துவிடுமோ, எங்கே பிடித்துவிடுமோ என்று மனம் அடித்துக்கொண்டது. பிடிக்காமல் போய்விடுமோ என்றும் கொஞ்சம் அடித்துக்கொண்டது. அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பாட்டு முடிந்தது.

"நல்லால்ல" என்றார் சுல்மா.

"என்னது?"

"இழுக்குது. லிஃப்டு நடுவுல நின்னுபோய் மணிக்கணக்கா உள்ள கெடந்த மாதிரி இருக்கு. அந்தாளு பாடுறாரா, மாத்திரை போட்டுத் தூங்கப் போறாரா?"

வில்மார் சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பினார். இரண்டு வாரமாகச் செத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஏறியது.

"உங்களுக்குக் காது இருக்கா? அந்த இடைவெளியிலதான் விஷயமே இருக்கு! உங்க தட்டுல அவன் பயந்து ஓடுறான். இதுல ஓடி முடிச்சுட்டான். இனிமே போக இடமில்லைன்னு தெரிஞ்சு பாடுறான்!"

"தூங்கி வழியறான்."

"செவிட்டு அம்மா!"

"போங்க வில்மார். உலகத்துல இது ஒருத்தருக்குத்தான் பிடிக்கும்."

"ஆமா, எனக்குத்தான் பிடிக்கும்!" என்றார் வில்மார், பதக்கம் வாங்கினவர் மாதிரி.

சுல்மா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். ஜிகினா ஒட்டிய விரலால் கண்ணோரம் எதையோ துடைத்தார். ஜிகினா உறுத்தியிருக்கலாம்.

"இன்னொரு பக்கம் போடுங்க" என்றார்.

"பிடிக்கலன்னீங்களே?"

"ஞாயித்துக்கிழமை தார்தோ முன்னாடி திட்டணும்ல? பாதி கேட்டுட்டுத் திட்டுறது முறையில்ல. பிளாஸ்க்கோட வந்துருங்க, அவங்க ரெண்டு வாரமா ஹெபெரு போடுற வெந்நீரைக் குடிச்சு நொந்து போயிருக்காங்க."

வில்மார் கேசட்டைத் திருப்பிப் போட்டார். கண்டக்டர் ரொட்டியோடு வந்தார், ஆட்கள் ஏறினார்கள், பஸ் நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. பாலம் தாண்டும்போது, மூன்றாவது சீட்டில் புத்தகப் பையோடு இருந்த ஒரு பெண் தாளத்துக்கு மெல்லத் தலையாட்டுவது கண்ணாடியில் தெரிந்தது.

வில்மார் கையை நீட்டிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.