என் கால் எந்த ஊர்க் கணக்கு

கொட்டாம்பட்டிப் பக்கம் நான் வாக்கப்பட்டு வந்த ஊரில், என் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்புதான் படிக்கிணற்றைச் சுற்றிச் சர்க்கார் சுவர் எழுப்பியிருந்தது. கணுக்கால் நனைய இறங்கித் தண்ணீர் மொண்டவர்கள் கயிறு போட்டு இறைக்க வேண்டியதாயிற்று. எல்லாம் நரம்புச் சிலந்தியை ஒழிக்கத்தான். அதை அறியாத பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன்: குடிதண்ணீரோடு உள்ளே போய், கோடையில் காலில் கொப்புளம் கட்டி, நூல் மாதிரி வெளியே வரும் புழு அது. அந்தக் காலோடு கிணற்றில் இறங்கினால் தண்ணீரில் குஞ்சு விட்டுவிடும். வந்தால் ஆள் படுத்த படுக்கைதான்.

சுவர் கட்டியும் அந்தக் கோடையில் ஊரில் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. "கை காய்ச்சதுதான் மிச்சம், இடிச்சுப் போடுவோம்" என்று கிளம்பினார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். புழு வெளியே வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், இது போன வருஷத் தண்ணீரின் வேலை என்றார். ஒருவரும் நம்பவில்லை. அவரும் விடவில்லை:

"அடுத்த கோடை வரைக்கும் பொறுங்க. சுவர் இல்லாத பக்கத்து ஊரையும் சேர்த்து எண்ணுறேன். ரெண்டு ஊருக்கும் ஒரே மழை, ஒரே வெயில். இங்க மட்டும் குறைஞ்சா அது சுவரோட வேலை. அதைக் காட்டி அங்கயும் சுவர் கேப்பேன். குறையலைன்னா கடப்பாரைய நானே எடுத்துத் தாரேன்."

அந்தப் பக்கத்து ஊர் என் பிறந்த ஊர். என் அம்மா அங்கே கோடைதோறும் புழுவோடு படுப்பவள். அவளுக்கும் சுவர் வரவேண்டுமென்று நான் வேண்டாத சாமி இல்லை.

மறு கோடை வந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் புழு இல்லை; பக்கத்து ஊரில் குறையவே இல்லை. வைகாசியில் என் குதிகால் எரிந்தது, கொப்புளம். என் காலைப் பார்க்க ஊரே திரண்டது. "பாத்தீகளா, சுவத்துத் தண்ணி குடிச்சவளுக்கே வந்துருச்சு!" என்று மறுபடி கடப்பாரையைத் தேடினார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார்: "போன ஆடிக்கு எங்கம்மா இருந்தே?"

"ஆத்தா வீட்டுல. அங்க படிக்கிணத்துத் தண்ணிதான் குடிச்சேன்."

"அப்ப உன்னை அந்த ஊர்க் கணக்குலதான் சேக்கணும்."

என் மாமியார் பொங்கிவிட்டார். "தாலி கட்டிக் கூட்டியாந்த எங்க வீட்டு மருமகள அந்தூர்க் கணக்குல எழுதுவீகளோ? நாங்க என்ன வாழாவெட்டியாவா அனுப்பிட்டோம்?" ஊரும் சுவரை மறந்து மானத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"வாழ வந்தது நாந்தான் அத்தை, புழு இல்ல! இங்க எழுதுனா இந்தச் சுவரும் போயிரும், எங்க ஆத்தாவுக்கும் சுவரு வராது." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.

அத்தை என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் கோடைதோறும் கட்டிலில் கிடந்தவர்தான். அந்த வருஷம்தான் வைகாசியில் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்.

"சரிங்கய்யா" என்றார். "புழுவ அங்கிட்டு எழுதுங்க. புள்ளைய இங்கிட்டு எழுதுங்க."

அந்த ஆடிக்கு நான் போனபோது அம்மா ஊர்க் கிணற்றடியில் சுவருக்குக் கல் வந்து இறங்கியிருந்தது. நான் தனியாகப் போகவில்லை. வண்டியில் என் பக்கத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடம் குடமாக இருந்தது. சுவர் எழும்பும்வரை சம்பந்தியம்மாள் இதைத்தான் குடிக்க வேண்டுமென்று அத்தை தன் கையால் இறைத்து அனுப்பியது.