வலம்புரிக்குக் கயிறு பிடித்தவர்கள்

தன்னிடம் உள்ளதை ஊருக்குப் பயன்படச் செய்யும் ஒப்புரவு என்னும் பேரறம் மன்னர்க்கும் வள்ளல்களுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுவோர், முதலியார்பேட்டைக்கு வந்து மின்துறை எழுத்தர் சக்கரபாணியைக் காண வேண்டும். தேர் கொடுக்க அவரிடம் தேர் இல்லை. இருந்த ஒரு மிதிவண்டியும் அலுவலகம் போய்வர வேண்டியிருந்தது. ஆதலால் அவர் மென்பொருள் கொடுத்தார்.

அதன் பெயர் வலம்புரி. கணிப்பொறியில் தமிழைத் தட்டெழுத உதவுவது. அதைத் தாமே எழுதி, மூலநிரலையும் மறைக்காமல் இணையத்தில் வைத்து, எவரும் விலையின்றி எடுக்கவும் திருத்தவும் விட்டிருந்தார். புதிய பதிப்பை வெளியிடும்போதெல்லாம் கணிப்பொறிக்குக் குங்குமம் இட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். உடைந்த தேங்காய் சட்னியாகும். பதிப்பில் உடைந்தவை மறுநாள் மின்னஞ்சலாக வந்து சேரும்.

பயன்படுத்துவோர் அனைவரும் விருந்தினர் என்பது அவர் கொள்கை. விருந்தினரிடம் காசு வாங்கலாமா? இலை எடுக்கச் சொல்லலாமா? நன்கொடை தர வந்த ஓரிருவரையும் கைகூப்பி மறுத்தார். இணையதளத்தின் ஆண்டுக் கட்டணம் தீபாவளி முன்பணத்திலிருந்து போயிற்று. அதனால் மனைவி அஞ்சலாட்சியின் பட்டுப்புடவை ஆண்டுதோறும் பேச்சளவிலேயே நின்றது.

இரண்டாயிரத்து ஏழில் கணிப்பொறிகளுக்குப் புதிய இயங்குதளம் ஒன்று வந்தது. அதில் வலம்புரி வாய் திறக்க மறுத்தது. சரிசெய்யப் புதுப்பொறி வேண்டும்; சக்கரபாணியிடம் இருந்ததோ கடற்காற்றில் துருவேறி, மாவரைக்கும் ஓசையோடு இரையும் பழம்பொறி. “புதுப்பதிப்பு எப்போது வரும்?” என்று மடல்கள் குவிந்தன. “நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டவர் ஒருவரும் இலர். சித்திரை பிறப்பதற்குள் வழி பிறக்காவிட்டால் வலம்புரியை மூடிவிடுவது என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்வெட்டு வேளையில் கைப்பேசி அலறியது. அழைத்தவர் அச்சகம் நடத்தும் ராஜாங்கம். தொடக்க நாள் முதல் வலம்புரியிலேயே பத்திரிகை அடிப்பவர்.

“யோவ் சக்கரபாணி! புதுசா நாலு கம்ப்யூட்டர் எறக்கியிருக்கேன். தமிழத் தட்டினா ஒண்ணும் வரல. வைகாசி கல்யாணப் பத்திரிகையெல்லாம் தொங்குது. இப்ப கரண்டும் போயிடுச்சி. ரெண்டுத்துக்கும் நீதான்யா ஆளு! எதுக்குன்னு உன்ன மொதல்ல திட்டறது?”

“மன்னிச்சிடுங்கண்ணே...” என்று சக்கரபாணி குழைந்துகொண்டிருக்கையில், மீன் கழுவிய ஈரக்கையோடு அஞ்சலாட்சி கைப்பேசியைப் பறித்துக்கொண்டார்.

“அண்ணே, அஞ்சலாட்சி பேசறேன். நான் பொறந்த பிள்ளைச்சாவடி கடக்கரையில பெரிய வலை இழுக்கறதப் பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேம்மா. அதுக்கின்னா இப்ப?”

“ரோட்ல போறவன் எறங்கி வந்து கயிறு புடிச்சாகூட அவனுக்கு ஒரு கை மீனு உண்டு. கரையில குந்திக்கிட்டு ‘மீன் எப்ப வரும், மீன் எப்ப வரும்’னு கேக்கறவனுக்கு இன்னா கெடைக்கும் தெரியுமா?”

“இன்னா கெடைக்கும்?”

“மணலு.”

அஞ்சலாட்சியே மேலும் தொடர்ந்தார்.

“நாலுல ஒண்ண இங்க அனுப்புங்கண்ணே, வேலை முடிஞ்சதும் எடுத்துக்குங்க. உங்க கடைப் பசங்களும் தட்டிப் பாத்து, எங்க ஒதைக்குதுன்னு சொல்லட்டும்.”

சக்கரபாணிக்கு உயிரே போயிற்று. “அடியே, விருந்தாளிகிட்ட போயி...”

“ஏழு வருஷமா சாப்புடறாரு, இன்னும் இன்னா விருந்தாளி? வீட்டு ஆளு!”

கைப்பேசிக்குள் ராஜாங்கம் வெடித்துச் சிரித்தார். “சர்தாம்மா, கயித்தக் குடு!”

அன்று மாலையே மூன்று சக்கர வண்டியில் கணிப்பொறி வந்திறங்கியது. மடல் எழுதிய எல்லோருக்கும் அஞ்சலாட்சி சொல்லச் சொல்ல, சக்கரபாணி கூசிக்கூசி மறுமொழி எழுதினார்: ‘உங்கள் பொறியில் இதைச் சோதித்துச் சொல்லுங்கள்.’ பலர் அத்தோடு காணாமற்போயினர். ஆயினும் காரைக்காலில் ஓர் ஆசிரியை சோதித்தார். சிங்கப்பூரில் ஒரு பொறியாளர் நிரலிலேயே கைவைத்துத் திருத்தினார். வேறு இருவர், தமக்கு நிரல் தெரியாது என்று இணையதளக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டனர். சக்கரபாணி வழக்கம்போல் கைகூப்பப் போனார்.

“கைய எறக்குங்க. அதுவும் கயிறுதான்,” என்றார் அஞ்சலாட்சி.

எல்லோரினும் வேகமாக இழுத்தவர் ராஜாங்கம். சக்கரபாணி குளிக்கப் போனால் அழைப்பார். சாமி கும்பிட்டால் அழைப்பார். “யோவ், ழகரம் வந்துடுச்சிய்யா!” என்று ஒருநாள் அவர் கூவியபோது, பேரன் பிறந்த செய்தி என்றே அச்சகத்தார் நினைத்தனராம்.

சித்திரை முதல் நாள் தேங்காய் உடைந்தது, வலம்புரி வெளிவந்தது. சக்கரபாணி அன்று இருமுறை சோறு வாங்கி உண்டார். பதிப்பின் அடியில் ‘கயிறு பிடித்தவர்கள்’ என்று பெயர்கள் இருந்தன. உடனே அச்சகத்திலிருந்து அழைப்பு.

“யோவ், என்னை ஏன்யா ரெண்டாவதா போட்டிருக்க? மொதல்ல கயிறு புடிச்சவன் நான்தானே?”

“மொதப் பேரு யாருதுன்னு பாருங்கண்ணே.”

ராஜாங்கம் பார்த்தார். “சர்தான். அந்தம்மாவுக்கு மேல நான் போவ முடியாது,” என்று வைத்துவிட்டார்.

அந்த அம்மையாரின் அடுப்பில் மீன்குழம்பு என்றும் மணக்க! அவ்வீட்டுக் கணிப்பொறியைத் துரு தீண்டாதொழிக! வரும் தீபாவளிக்கேனும் பட்டுப்புடவை பேச்சினின்று பெட்டிக்குள் இறங்குக! அக்குடியில் கயிறு பிடிக்கக் கைகள் குறையாதிருக்க, மின்துறை எழுத்தர் இல்லத்தில் மின்சாரமும் தடைபடாதிருக்க, மணக்குளத்துப் பிள்ளையார் துணை நிற்க!