முருகேஸ்வரியின் ராசியான டிரான்ஸ்மிட்டர்

கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனிக்குள் யாரும் யாரோடும் சண்டை போடலாம். முருகேஸ்வரியின் மூன்றாம் பெஞ்சில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரை மட்டும் தொடக் கூடாது. 'மாற்றக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி அவளே அதன்மேல் ஒட்டியிருந்தாள். எதிரே பேக்கிங் பிரிவில் ஒன்பது வருடமாக அவள் முகத்தைப் பார்த்தபடி டப்பாவுக்கு டேப் ஒட்டுகிறவள் நான், சரஸ்வதி. அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

மலைமேல் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பாலிடெக்னிக் முடித்த கையோடு மலையிறங்கி இங்கே வேலைக்கு வந்தாள். வந்த புதிதில் எங்கள் வெயிலைத் திட்டாத நாளில்லை.

"அக்கா, இது ஊரா அடுப்பா?" என்பாள்.

"ஏன் அம்மணி, உங்க மலையில அட்டை ரத்தம் குடிக்குமாமா? அதுக்கு இது தேவலை" என்பேன். அவள் சிரித்தால் கேன்டீன் வரை கேட்கும்.

கண்ணாடி இழை வழியாக வரும் ஒளியைப் படிக்கிற ரிசீவர்களைச் சோதிப்பது அவள் வேலை. ஒளியை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல் உண்டு. செய்தியை இரண்டு அலைகளாகப் பிரித்து அனுப்பும்போது ஒன்று கொஞ்சம் மெலிந்துவிடும், இல்லாவிட்டால் கொஞ்சம் பிந்திவிடும். அதைத் திருத்துவது ரிசீவரின் பொறுப்பு. முதலில் இரு பக்கத்துக்கும் தெரிந்த ஒரு சோதனைச் செய்தி வரும். வந்ததற்கும் வரவேண்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை ரிசீவர் அளந்து வைத்துக்கொள்ளும். பிறகு வருவதையெல்லாம் அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் வளைத்து நேராக்கிவிடும்.

அனுப்புகிறவனின் கோணலுக்கு வாங்குகிறவன் எதற்குப் பாடுபட வேண்டும் என்று கேட்டேன்.

"டிரான்ஸ்மிட்டர் பத்து மலைக்கு அங்கிட்டு இருக்கும்க்கா. போயி அதோட காதைத் திருகவா முடியும்?" என்றாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஓர் ஆயுத பூஜையன்று மூன்றாம் பெஞ்ச் டிரான்ஸ்மிட்டருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டாள். அந்த மாதம் ஒரு ரிசீவர்கூடத் தோற்கவில்லை. அன்றிலிருந்து அது ராசியானது ஆகிவிட்டது. எந்த ரிசீவரானாலும் அதோடு பூட்டித்தான் சோதிப்பாள். வருடா வருடம் மாலை, பொரி, சுண்டல். எனக்கு இரண்டு பங்கு பொரி கிடைத்ததால் நானும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் அவசரமாக அனுப்பிய நூற்றிருபது ரிசீவர்களையும் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுகூட ஒழுங்காகப் படிக்கவில்லையாம். திருத்தும் புரோகிராமை எழுதியவன் சதீஷ். ஆகவே மேனேஜர் செபாஸ்டின் சார் அவனைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அதே வாரம்தான் முருகேஸ்வரியின் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறியிருந்தது.

புதன்கிழமை மதியம் அவள் ஸ்டோரிலிருந்து வேறொரு டிரான்ஸ்மிட்டரை எடுத்து வந்து பூட்டினாள். திரும்பி வந்த ரிசீவர் தோற்றது. இன்னொரு டிரான்ஸ்மிட்டரை மாட்டினாள், அப்போதும் தோற்றது. ராசியானதை மாட்டினாள், ஜெயித்தது. முகம் செத்துப்போய் என்னிடம் வந்தாள்.

"அக்கா, தப்பு சதீஷ் மேல இல்ல. எம்மேலதான்."

ஒரு ரிசீவர் அளந்துகொள்ள நான்கு நிமிடம் ஆகும். எப்படியும் அதே டிரான்ஸ்மிட்டர்தானே என்று, அவசரத்துக்கு ஒரே ஒரு ரிசீவரில் அளந்து, அந்த அளவை மற்ற எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் போட்டுவிட்டாள். அளக்கும் வேலையையே நிறுத்தி வைத்துவிட்டாள். நூற்றிருபதுக்கும் ராசியானதன் கோணல் மட்டும் மனப்பாடம். வேறொரு டிரான்ஸ்மிட்டரோடு சேர்ந்ததும் அந்த ரிசீவர்கள், அதில் இல்லாத கோணலைத் திருத்துகிறேன் என்று இருந்ததையும் கெடுத்துவிட்டன.

"வாயைத் தொறக்காத அம்மணி. அந்த அளக்கறதை மறுபடி போட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். சொன்னது நான்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அந்தப் பய பையைத் தூக்கிட்டுப் போறதப் பாத்துக்கிட்டு நான் நிரந்தரமா உக்காந்திருக்கணுமாக்கா?" என்றவள் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். சதீஷையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

செபாஸ்டின் சார், "அந்த மாலை போட்டு வெச்சிருக்கியே, அதுவா?" என்று மட்டும் கேட்டாராம். அவள் தலையை ஆட்டினாளாம்.

வியாழக்கிழமை முழுக்க மூன்று பெஞ்சிலும் வேலை. ஒவ்வொரு ரிசீவரிலும் அளக்கும் வேலையைத் திரும்ப முடுக்கி, மூன்று டிரான்ஸ்மிட்டர்களோடு சோதித்தார்கள். எடுத்துக் கொடுக்க நானும் நின்றேன். "நல்லா கோணலானதாப் பாத்து எடுங்கக்கா" என்று அவளே சொன்னாள். எல்லாம் ஜெயித்தன. வெள்ளிக்கிழமை காலையில் வண்டி ஏற்றிவிட்டோம். சதீஷின் வேலை பிழைத்தது.

முருகேஸ்வரியின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. திங்கள் முதல் அவள் பேக்கிங் பிரிவுக்கு என்று உத்தரவும் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிரிவுக்கு வருவது ஒரு தண்டனையா?

திங்கட்கிழமை காலை தன் சாமான்களை எடுக்க வந்தவள் பெஞ்சருகே அப்படியே நின்றுவிட்டாள். அவள் நாற்காலியின் முதுகில், சந்தனக் கறையோடு, அவள் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது: 'மாற்றக் கூடாது.'

செபாஸ்டின் சார் வந்து படித்தார்.

"யாரு ஒட்டினது?"

சதீஷ் எழுந்து நின்றான். "நானுங்க சார். இந்த அக்கா இருந்தாத்தானுங்க தப்பு எங்கன்னு தெரியுது."

சார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நாலு நிமிஷம் ஆனா ஆகட்டும். ஒவ்வொண்ணா அளந்து அனுப்பு" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை. ஆனால் அந்த நாற்காலியை இங்கே யாரும் தொடுவதில்லை.