ஆறு மணிச் சங்கு, பதினொன்றரைக்கு

எங்கள் வீட்டில் இப்போது கப்பைக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அவிப்பதில்லை. யாருக்கும் வயிற்றுக் கோளாறு கிடையாது. அதைத் தட்டில் பார்த்தால் மாமனார் சிரிக்கிறார், நான் குனிந்துகொள்கிறேன், மனைவி எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். இதற்கெல்லாம் காரணம் ஒரு கம்ப்யூட்டர் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கம்ப்யூட்டர் பாவம்.

பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஃபாக்டரி ஆபீசில் எனக்கு வேலை. பிரிண்டரில் காகிதம் சிக்கினால் நான், கேமராவில் சிலந்தி கூடு கட்டினால் நான், மானேஜர் பங்களாவில் டி.வி. தெரியாவிட்டாலும் நான். சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் பேச்சு பேசுகிற பக்கம். பெண் எடுத்தது இங்கே எஸ்டேட்டில். மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஃபாக்டரியை ஒட்டிய லயத்திலேயே, அதாவது ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ளும் அந்த வரிசை வீடுகளில் ஒன்றிலேயே, குடியிருக்கிறோம். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. வாய் மட்டும் முன்னைவிட நன்றாகவே கேட்கிறது.

எஸ்டேட்டில் சங்குதான் கடிகாரம். ஃபாக்டரிக் கூரையில் இருக்கும் அது காலை ஆறு மணிக்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும். அடுத்தது ஊதினால் பெரட்டுக்குப் போக வேண்டும், ஆள் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு. மழைக்காலத்தில் சங்குக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை நிற்கிறது. நேரமில்லாத நேரத்தில், ஃபாக்டரியில் யாராவது அவசரப் பட்டனை அமுக்கி, சங்கு ஊதினால் மலையில் உருள் பொட்டிவிட்டது, மண்ணும் பாறையும் கிளம்பிவிட்டன என்று பொருள். என்ன ஏது என்று கேட்காமல் எதிர்ப்பக்க மேட்டிலிருக்கும் ஸ்கூல் மைதானத்துக்கு ஓடிவிட வேண்டும். நடக்க முடியாதவர்களை யார் யார் தூக்குவது என்று மழை தொடங்குமுன்பே பேசி வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் பேச என்ன இருக்கிறது? நான்தான்.

"மாப்ள, நெசமாவே என்னைத் தூக்கிருவீகளா? இல்ல வழக்கம்போல தமாசுக்குச் சொல்லுதீகளா?" என்று கேட்டார் மாமனார்.

"அட என்னங்க மாமா, உங்களத் தூக்கறதெல்லாம் ஒரு வேலைங்களா? சங்கு ஊதி ஓயறதுக்குள்ள நீங்க மைதானத்துல இருப்பீங்க. நானு அப்பறமா மெதுவா வருவேன்."

"கேஸ் சிலிண்டரை வாசல்ல இருந்து அடுப்படி வரை உருட்டவே ரெண்டு தடவ உக்காருத ஆளு" என்றாள் மனைவி. மாமனார் சிரிக்கவில்லை. என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார், சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல.

அந்தச் சங்கை நேரத்துக்கு நேரம் ஊதவைப்பது ஆபீஸ் மூலையில் இருந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். எப்போதோ யாரோ எழுதிக்கொடுத்த புரோகிராம், பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். எழுதியவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரின் காற்றாடியோ இலை உருட்டுகிற மெஷின்போல உறுமத் தொடங்கியிருந்தது. அது செத்தால் சங்கும் சேர்ந்து செத்துவிடும். சரி, புதிதாக வந்த லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் அந்தப் பழையதை அப்படியே குடியேற்றிவிடலாம் என்று டீமேக்கரிடம் சொன்னேன். டீமேக்கர் என்றால் டீ போடுகிறவர் அல்ல. ஃபாக்டரிக்கே பெரியவர், எனக்கு மேலதிகாரி.

"கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டரா? எப்படிப்பா?"

"ஹைப்பர்வைசர்னு ஒண்ணு இருக்குதுங்க சார். இல்லாத ஒரு மெஷினை இருக்கற மாதிரியே காட்டும். பழைய விண்டோஸு, நாம இன்னும் பழைய ஊட்லதான் இருக்கறோம்னு நெனச்சுக்கும்."

அவருக்குப் பிடித்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்த ஹைப்பர்வைசரைத் தயாராகக் கட்டிவைத்த பொட்டலமாகவே லினக்ஸ் கொடுக்கிறது. ஒரு வரி கமாண்ட் அடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் முடிந்தது. கூடவே வருகிற சின்ன உதவி புரோகிராம், உள்ளே குடியேறப்போவது எந்த விண்டோஸ் என்று மரியாதையாகக் கேட்டு, அதற்கு வேண்டியதையெல்லாம் தானே செய்துவைக்கும். அப்படிச் செய்தால் என் பெருமை என்னாவது? சோர்ஸிலிருந்து, மூல வரிகளை இறக்கி, நானே கம்பைல் செய்து, அதாவது மெஷின் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றி, நிறுவப்போவதாக அறிவித்தேன்.

முதல் நாள் முழுவதும் அது என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த லைப்ரரி, அதாவது துணைக் கோப்பு, இல்லை என்றது. அதைக் கொண்டுவந்தால், அதற்கு வேண்டிய இன்னொன்று இல்லை என்றது. அதையும் கொண்டுவந்தால், இருக்கிறது ஆனால் பழசு என்றது. காற்றடித்தால் நெட் போய்விடும், நின்றால் வரும். பிறகு எல்லாம் சரியாகி ஓடத் தொடங்கியும், மெஷின் நொண்டியது. பிராசஸரில் இதற்கென்று இருக்கிற வசதியையே நான் திறந்துவிடவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, அது விழிக்கிற நொடியில் பட்டனை அமுக்கி, நீலத் திரைக்குள் போய் அதைத் திறந்தேன். வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. மழையால் அல்ல.

இதற்கு நடுவில், கம்பைல் வரிகள் திரையில் சரசரவென்று ஓடியபோது டீமேக்கர் பின்னால் வந்து நின்றார்.

"என்னப்பா இது, இவ்வளவு நேரமா ஓடுது? ரெடிமேடா கெடைக்காதா?"

"கெடைக்குமுங்க சார். அது கடை மாவு. இது நானே ஊறப்போட்டு அரைக்கறது."

இந்தப் பதில் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. அன்று மாலை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் மழைக்கு ரெட் அலர்ட். ஸ்கூல் லீவு, கொழுந்து பறிப்பும் இல்லை. லயம் முழுக்க ஆட்கள் வீட்டிலேயே இருந்தார்கள். காலைச் சங்குகள் பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஊதி முடிந்ததும், அதன் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து உள்ளே குடியேற்றினேன். சங்கு ஒயரைப் புதியதில் செருகினேன். சோதனைக்காகச் சங்குக்குப் போகும் மின் இணைப்பை எடுத்துவிட்டுச் சுவிட்ச் தட்டினேன். சின்ன விளக்கு மின்னியது. இணைப்பைத் திருப்பிக் கொடுத்தேன். லினக்ஸ் திரைக்குள் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் அந்தக் கிழட்டு விண்டோஸ், பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாக. அதைப் போட்டோ பிடித்து, ஆபீஸ் வாட்ஸாப் குழுவுக்கும், மனைவிக்கும், ஊரில் இருக்கிற என் தம்பிக்கும் அனுப்பினேன். அடுத்த சங்கு மத்தியானம்தான். ஆபீசில் மீதி வேலையை முடித்துவிட்டு, பதினொரு மணிக்கு மேல் வீட்டுக்கு நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன்? மிதந்தேன்.

கப்பைக் கிழங்கும் மத்திக் குழம்பும். மனைவி தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். மாமனார் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். அவருக்கு ஹைப்பர்வைசர் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவரும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் துண்டை வாயில் போட்டேன்.

சங்கு ஊதியது.

அடுத்து நடந்ததை நான் பார்த்ததாகச் சொல்ல முடியாது. நான் அங்கே இல்லை. என் கால்கள் இருந்தன. வாசல் தாண்டியது, சாக்கடைப் பலகை தாண்டியது, ரோட்டைக் கடந்தது, மேட்டில் ஏறியது எல்லாம் அவைதான். என்னைவிட இளையவர்களை, பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்களை, எல்லோரையும் முந்தினேன். பள்ளிக்கூடத்து ஓட்டத்தில் கடைசியாக வந்தவன் நான். மைதானத்துக்கு அன்றைக்கு முதலாவதாக வந்தேன். ஸ்கூல் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோதுதான் இடது கையைப் பார்த்தேன். தட்டு. கிழங்கு ஒரு துண்டுகூடச் சிந்தவில்லை. குழம்பும் அப்படியே.

ஆட்கள் வர வர, மனைவியும் ஈரச் சேலையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க முடியாது, ஏனென்றால் அதோடு அவள் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, தோளுக்கு வந்து, முதுகைத் தேடியது.

"அப்பா எங்க?"

நான் தட்டைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அப்பா எங்கங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால், உள்ளே முதல் துண்டுக் கிழங்கு இன்னும் இருந்தது.

அவள் திரும்பிக் கீழே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன், இதை மட்டும் என் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பத்தடிகூடப் போகவில்லை. மழைத் திரைக்குள்ளிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஒரு பக்கம் அடுத்த வீட்டு அக்கா, இன்னொரு பக்கம் அவளுடைய நாத்தனார், நடுவில் தலைமேல் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு மாமனார். சங்கு ஊதியதும் சுவரில் தட்டியிருக்கிறார். அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்து தூக்கிவிட்டார்கள். இறக்கி வைத்ததும் அவர் என்னைத் தேடிப் பார்த்தார்.

"மாப்ள, கெழங்கு நனையாம வந்து சேந்துச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கைகள் மட்டும் நாற்காலிப் பிடியை இன்னும் விடவில்லை. நான் பார்ப்பதைக் கண்டதும் உரச்சாக்கை இழுத்து அவற்றின்மேல் போட்டுக்கொண்டார். சிரிப்பைவிட அதுதான் என்னைக் கொன்றது.

மலையில் எதுவும் அசையவில்லை. ஃபாக்டரி ஆட்களோடு மேலே வந்த டீமேக்கர், "எவன்டா பட்டனை அமுக்கினது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அமுக்கவில்லை. உருள் எங்கே பொட்டியது என்று யாராவது எழுதியிருப்பார்களோ என்று போனை எடுத்தேன். குழுவில் கடைசியாக வந்திருந்தது நான் அனுப்பிய போட்டோதான். பச்சைப் புல்வெளி, நீல வானம். வலது கீழ் மூலையில், தெள்ளத் தெளிவாக, நேரம்: அதிகாலை மூன்றரை.

நான் அதை அனுப்பியது காலை ஒன்பது மணிக்கு.

கம்ப்யூட்டர் வேலை செய்கிற எவனுக்கும் அந்த ஐந்தரை மணி நேரம் தெரியும். உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள தூரம் அது. நான் கைப்பட அரைத்த ஹைப்பர்வைசரிடம் உள்ளூர் நேரத்தைக் கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் அது உலக நேரத்தைக் கொடுத்தது. கிழட்டு விண்டோஸ் அதை நம்பிவிட்டது. எங்களுக்குப் பதினொன்றரை ஆனபோது அதற்கு விடிகாலை ஆறு மணி. கடமை தவறாமல் எழுப்பியிருக்கிறது. கடை மாவு தானாகவே செய்துவிடுகிற காரியம் இது.

பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதன் கணக்கில் அடுத்து பெரட்டுச் சங்கு. நமக்கு மத்தியானத்துக்கு மேல் ஊதும். அந்த நாற்காலியை மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கையைத் தூக்கினேன். தட்டு இருந்த கை.

"நாந்தானுங்க சார்."

"நீயா? நீதானேய்யா மொத ஆளா ஓடி வந்தே!"

"ஆமாங்க. ஊதவச்சதும் நாந்தானுங்க. ஓடினதும் நாந்தானுங்க."

டீமேக்கர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மாவு புளிச்சிருச்சாப்பா?"

அதற்குப் பிறகு மைதானமே என்னை எடுத்துக்கொண்டது. "மெசினுக்குள்ள மெசின வச்சாராம், ஊட்டுக்குள்ள மாமனார வச்சிட்டு வந்துட்டாராம்" என்று அடுத்த வீட்டு அக்கா சொன்னாள். யாரோ என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றுவிட்டு, "உப்பு கம்மி" என்றார்கள். நானும் சிரித்தேன். ஊரில் எல்லோரையும் நக்கலடித்துத் திரிந்தவன், வாங்கும்போது சிரிக்காமல் இருக்க முடியுமா? மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது மாமனார் முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றேன். "ஏறுங்க மாமா."

"வேண்டாம் மாப்ள. நாற்காலி தோதா இருக்கு." சொன்ன குரலில் கோபமே இல்லை. அக்காவும் நாத்தனாரும் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பின்னால் போனேன், குடை பிடித்தபடி. மலை இடியவில்லை என்பது என் அறிவுக்குத் தெரியும். கால்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. லயத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவை மேட்டுப் பக்கமே திரும்பப் பார்த்தன.

பெரட்டுச் சங்குக்கு முன்பே ஆபீசுக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். அன்றிலிருந்து சங்கு நேரம் தவறியதில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். மாமனார் படுத்தபடியே கையை நீட்டிச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கத்துவாள்: "ஆறு மணிதான் பெரியப்பா, படுங்க!" அதற்குப் பிறகுதான் கண்ணை மூடுவார்.

நான் அதே அறையில், அவர் கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில், விழித்துக்கொண்டு படுத்திருப்பேன். போன வாரம் பொறுக்க முடியாமல், அவர் சுவரைத் தொடுவதற்குள் நானே சொன்னேன்: "ஆறு மணிதானுங்க மாமா. நானு பாத்துட்டேன்."

"தெரியும் மாப்ள" என்றார். "இருந்தாலும் அந்தப் பக்கத்துல இருந்தும் ஒரு ஆளு சொல்லட்டும்."

தட்டினார்.