நூத்துக்கு அக்காவின் ஃபிளாஸ்க்

“இன்னைக்கு எப்படிண்ணே, நூத்துக்கு எவ்வளவு?”

டிரைவரிடம் இதைக் கேட்காமல் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதே கிடையாது. டிரைவருக்கும் பழகிவிட்டது. “மழை வேற, பாலத்துல வேலை வேற. எழுபது போட்டுக்கம்மா” என்பார். எழுபதுக்கு ஏற்ற அளவில் ஒரு ‘உச்’ கொட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி வாசலுக்குள் நுழைவார். தையல்காரர், பல் டாக்டர், மீட்டர் பார்க்க வருகிறவர், யாரையும் விடுவதில்லை. ராங் நம்பரில் அழைத்த ஒருவரிடம்கூடக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் ‘அறுபது’ என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் தன் மேலதிகாரியைத் திட்டிவிட்டுத்தான் வைத்தாராம்.

இது ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை, தொழில் முற்றிப்போனதன் விளைவு. கல்லூரியின் இரண்டாம் மாடியில் பயிற்சிக்கென்றே ஒரு பொய் வார்டு இருக்கிறது. மூன்று கட்டில்கள், மூன்று ரப்பர் நோயாளிகள், அதில் ஒருவருக்கு ஒரு காது கிடையாது. வேலை முடிந்து போகிற டாக்டர், அடுத்து வருகிற டாக்டரிடம் நோயாளிகளை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று மாணவர்கள் அங்கே பழகுகிறார்கள். யாருக்கு என்ன நோய், எந்த மருந்து ஆகாது, எதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் நான்கு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். பேசும்போதே மேசையில் ஒரு சிவப்பு விளக்கு பத்து தடவை மின்னும். ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்த வேண்டும். மண்டை நிரம்பிப்போனவர்களுக்கு விளக்கு மின்னுவது கண்ணிலேயே படாது.

வெளியே வந்ததும் ஒரு தாள். எவ்வளவு மூளையைக் கசக்க வேண்டியிருந்தது, எவ்வளவு அவசரம், எவ்வளவு எரிச்சல் என்று ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு ஒரு எண். இந்த வேலை மாணவர்களின் மனத்துக்கு எத்தனை பாரம் என்பதைப் பேராசிரியை ஒருவர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார். தாளை நிரப்பி வாங்கும் தற்காலிக வேலை நம்மவருடையது. மாணவர்கள் வைத்த பெயர், நூத்துக்கு அக்கா.

வயது நாற்பத்தைந்து. காதில் ஒரு பென்சில், கொண்டையில் ஒரு பென்சில், தேடும்போது இரண்டும் கிடைக்காது. கேள்விகளை ரேடியோ செய்தி வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் படிப்பார். “நான் மூஞ்சிய கல்லாட்டம் வெச்சுக்கணும். லேசா சிரிச்சேன்னு வைங்க, நம்பர் மடமடன்னு இறங்கிடும்” என்பார். அதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று பழகியவர். அவ்வளவு கண்டிப்பான மனுஷி, மாணவன் வெளுத்த முகத்தோடு வெளியே வந்தால் மட்டும், “முதல்ல உக்காருப்பா, ஒரு வாய் டீ குடி. தாள் எங்கயும் ஓடிப்போகாது” என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைத் திறப்பார். கூடவே இரண்டு பிஸ்கட், ஊர் வம்பு கொஞ்சம். சிரித்து முடித்த பிறகுதான் தாள் வரும்.

இந்த ஆராய்ச்சிமேல் அவருக்கு இருக்கிற அக்கறை சம்பளத்துக்காக வந்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர் முன்பு ஒரு மருத்துவமனையில் அப்பெண்டிக்ஸ் எடுத்துக்கொண்டு படுத்திருந்தார். டாக்டர்கள் மாறிய நேரத்தில் புதிதாக வந்தவர் போர்வையை விலக்கி, “முட்டிக்கட்டு எங்கே?” என்று கேட்டாராம். முட்டி பக்கத்துக் கட்டில்காரருடையது. வீட்டில் இன்றைக்கும் அது பெரிய சிரிப்புக் கதைதான். ஆனால் அக்கா மட்டும் பாதிச் சிரிப்பில் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பார். நல்லவேளை, அது முட்டியோடு போயிற்று.

அதனால்தான் சென்ற மாதம் பேராசிரியை தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு தலையில் கைவைத்தபோது அவரும் வேலையைப் போட்டுவிட்டுப் போய் எட்டிப் பார்த்தார். பத்தொன்பது பேர் எழுதியிருந்தார்கள். எல்லாமே இருபது, இருபத்தைந்து, மிஞ்சிப்போனால் முப்பது.

“பத்துல ஆறு விளக்கு தவற விட்டிருக்காங்க. எழுதுறது மட்டும் இருபது. பொய் சொல்றாங்களா?” என்றார் பேராசிரியை. “காலேஜ் முதல்வர் என்ன சொல்றார் தெரியுமா? ‘பசங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு, பத்து நாள் பயிற்சி எதுக்கு, நேரா வார்டுக்கு அனுப்புங்க’ங்கறார்.”

நேராக வார்டுக்கா? அக்காவுக்கு உடனே கணவரின் முட்டிதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போலக் கணவருக்கு போன் போட்டார். “ஏங்க, நூத்துக்கு எவ்வளவு?”

“நூத்தம்பது! ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கிட்டிருக்கேன், போனை வைடி!”

சாயங்காலம் கணவர் வந்து, குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, மகளோடு கேரம் ஆட உட்கார்ந்தபோது அக்கா சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். “மத்தியானம் அந்த லிஃப்ட், நூத்துக்கு எவ்வளவு இருக்கும்?”

“அதுவா? ஒரு இருபது இருக்கும். ஜுஜுபி.”

சாம்பார்க் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. சாப்பிட்ட வாய் இருபது சொல்கிறது. தொங்குகிற வாய் நூற்றைம்பது சொல்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. பாவிப் பயல்கள், டீயைக் குடித்துவிட்டு உண்மையாகவே மறந்துதான் போயிருக்கிறார்கள். பத்தொன்பது தாளையும் கெடுத்தது வேறு யாருமில்லை, அவருடைய ஃபிளாஸ்க்தான்.

“சொன்னா வேலை போயிடும்” என்றார் கணவரிடம்.

“சொல்லாம இருந்துடேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“உங்க முட்டிக்குத் தெரியும்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, அதற்குமேல் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

காலையில் பேராசிரியை முன்னால் ஃபிளாஸ்க்கையே சாட்சியாக மேசைமேல் வைத்தார். “மேடம், தப்பு பசங்க மேல இல்ல. என் மேல. நம்பர் வாங்குறதுக்கு முன்னாடி டீ குடுத்துட்டேன். பத்தொன்பது பேருக்கும். பிஸ்கட்டும்.”

பேராசிரியை ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பவும் ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

“ஒரு வருஷமா இந்த ஃபிளாஸ்க்கைத் தாண்டித்தான் தினம் போறேன். எனக்கே தோணலையே” என்றார் பேராசிரியை. அப்புறம் குரல் இறுகிவிட்டது. “அந்தப் பத்தொன்பதை எண்ணிக்கையில சேர்க்க முடியாது. புதுசா இருபத்துநாலு பேர் வர்றாங்க. முதல்ல தாள், அப்புறம்தான் டீ. நானே பக்கத்துல நின்னு பார்ப்பேன். ஒரு தடவை மாறிச்சுன்னாலும் வேற ஆளைத்தான் போடணும். உங்களால முடியுமா?”

“முடியும் மேடம்” என்றார். முடியுமா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

முதல் ஆளே சோதனையாக வந்து வாய்த்தாள். நெட்டையான ஒரு பெண். உள்ளே இரண்டாம் கட்டில்காரருக்கு ஆகாத மருந்தின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்து, கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே வெளியே வந்து நின்றாள்.

“அக்கா, ரெண்டாம் கட்டிலை நான் கொன்னுட்டேங்க்கா.”

அது ரப்பர் பொம்மைதான், அதுவும் ஒரு காது இல்லாதது. சொல்லிச் சிரிக்கவைக்க வாய் துறுதுறுத்தது. கதவோரம் பேராசிரியை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“உட்காருங்க. கேள்வி ஒன்று” என்றார் அக்கா, ரேடியோக் குரலில்.

பெண் மேசைக்கடியில் தெரிந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள். சீனியர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. “அக்கா, டீ…”

“கேள்வி ஒன்று.”

குரல் கல்லாகத்தான் இருந்தது. மேசைக்கடியில் இருந்த கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஃபிளாஸ்க்கின் மூடியை ஒரு திருகு திறக்கும், மறுபடி மூடும். முதல் கேள்விக்குப் பெண் தொண்ணூறு என்று எழுதினாள். இரண்டாவதுக்கு எண்பத்தைந்து. நான்காவது கேள்வியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்து தாளில் வட்டமாக ஊறியது. துடைக்கத் தன் முந்தானை வரை போன கையை அக்கா பாதியில் நிறுத்தி, தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆறாவது கேள்வியையும் செய்தி வாசிக்கிற மாதிரியே படித்து முடித்தார்.

தொண்ணூற்றைந்து என்று எழுதிவிட்டுப் பெண் பென்சிலை மேசைமேல் வைத்தாள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் முன்னால் டம்ளர் தளும்பத் தளும்ப நின்றது. பக்கத்தில் பிஸ்கட், இரண்டு இல்லை, நான்கு.