பத்து நாள் என்று சொல்லி அனுப்பினேன்

என் மாமியாருக்கு இருபத்தெட்டு வயதில் கணவர் இறந்துபோனார். ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் பருத்தி எடுத்தும் சோளக்கொல்லையில் களை வெட்டியும் மூன்று மகன்களைப் படிக்கவைத்தார். கடைசி மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு பெரம்பலூரில் பி.எட். சேர்ந்தபோது எனக்குக் கைக்குழந்தை இருந்தது. தினமும் மத்தியானம் அத்தை பஸ்ஸில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லூரி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். நான் ஓடிப்போய்ப் பால் கொடுப்பேன். ஒரு வருஷம் முழுக்க அப்படி வந்தார். அவரால்தான் இன்று கீழப்பழுவூரில் டீச்சராக இருக்கிறேன்.

எண்பது தாண்டியதும் கண் மங்கியது. அரியலூரில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். சென்னையில் கண் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் என் கணவரின் பெரிய அண்ணனான மூத்த மச்சினர். அத்தை அசையவில்லை.

"நீ சொன்னா போறேன்," என்றார் என்னிடம்.

"பத்து நாள்தான் அத்தை. நானே வந்து கூட்டிட்டு வரேன்."

பையில் துணி, செபமாலை, மாத்திரை எல்லாம் எடுத்துவைத்தேன். என் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிப் போட்டேன். மச்சினர் காரில் அழைத்துப்போனார்; துணைக்கு என் கணவரும் போய்விட்டு வந்தார்.

அதன்பிறகு எப்போது கேட்டாலும் என் கணவர், "கட்டுப் போட்டிருக்கு, தூங்குறாங்க. வர இன்னும் கொஞ்ச நாளாவும்," என்றார். மூன்றாவது வாரம் ஒரு கன்னியாஸ்திரீ என்னை போனில் அழைத்தார். திருச்சி போகும் வழியில் இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து பேசினார்.

"உங்க மாமியார் ரெண்டு நாளா சாப்பிடலம்மா. பையில இந்த நம்பர் இருந்துச்சு."

"அங்கயா இருக்காங்க?"

"மருமவளால பாத்துக்க முடியலன்னுதான் மகனுங்க ரெண்டு பேரு வந்து சேத்தாங்க."

ஒருவர் மச்சினர். இன்னொருவர் என் கணவர்.

சாயந்திரம் அவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

"ஸ்கூலுக்கும் போயிட்டு அவங்களயும் எப்புடிப் பாப்ப? உன்ன நெனச்சுத்தான் செஞ்சேன்."

"நான் கேட்டனா?"

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனிதர் என் வாயாலேயே தன் தாயை ஏமாற்றி அனுப்பியிருக்கிறார். பழியையும் என் பேரில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் லீவு போட்டு நான் மட்டும் போனேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் கட்டு எதுவும் இல்லை. ஆபரேஷனே நடக்கவில்லை. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார்.

"எனக்குத் தெரியாது அத்தை," என்றேன்.

"சரிம்மா," என்றார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். தன் மகனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மகன் காபி கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். நான்தான் என் கணவரோடு முன்போல் பேச முடியாமல் போனேன், இப்போதும் அப்படித்தான்.

அத்தை என்னைக் கடிந்ததே இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கோ ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கோ சேலை மாற்றிவிடும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்பார்: "திரும்ப நம்ம வூட்டுக்குத்தான வருவோம்?"

ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றேன். ஒரு தடவைகூட அவர் பிடி தளரவில்லை.