என் தம்பியின் பிக்கப்

என் தம்பி ஓர் ஓட்டலில் கார் ஓட்டுகிறான். விமான நிலையத்துக்குப் போய் விருந்தினர்களைப் பிக்கப் செய்து வருவது அவன் வேலை. தெருவில் அவனுக்குப் பெயரே பிக்கப்தான். வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது என்றுதான் எல்லோரும் அந்த வார்த்தைக்குப் பொருள் சொல்வார்கள். அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். ஏற்றுவது மூட்டையை; பிக்கப் என்றால், வெளியே வந்து முழிக்கிற ஆளுக்கு நம்மைக் கூட்டிப்போக ஒருத்தன் வந்திருக்கிறான் என்று தெரிய வேண்டும் என்பான். அதனால் பெயர் எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேராகச் சாயாமல் பிடிப்பான். எழுத்து அச்சடித்தது போல இருக்கும். அக்கா சொல்கிறாள் என்று தள்ளிவிடாதீர்கள். கதவு திறக்கும்போதெல்லாம், வருவது யாராக இருந்தாலும் சிரிப்பான்.

அந்தச் சிரிப்புதான் வம்பு. ஒருமுறை வேறு ஓட்டலுக்குப் போக வேண்டியவர் இவன் பின்னாலேயே வந்துவிட்டார். இன்னொரு தடவை ஆள் மாறினால் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே ஒரு டாக்டரை அழைத்துவரப் போனான். ஒரு பெரியவர் நேரே அட்டையிடம் வந்து தலையாட்டினார். பெட்டியை வாங்கிக்கொண்டு பாதித் தூரம் நடந்த பிறகு, எந்த ஆஸ்பத்திரி என்று தம்பி பேச்சுக் கொடுக்க, அவர் நின்றுவிட்டார்.

“தம்பி, அந்தப் பேரு என்னோடது இல்ல.”

“பின்ன ஏன் சார் வந்தீங்க?”

“பையன் வர்றேன்னான், வரல. நீங்க சிரிச்சீங்க.”

அதற்குள் நிஜ டாக்டர் வாசலில் நின்றுகொண்டு, ஆளே வரவில்லை என்று முதலாளியிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். பெரியவரை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். இவனோ அவர் பெட்டியைத் தோளில் ஏற்றி, அவரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஓடினான். டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் தம்பி ஓர் அடி பின்வாங்கினான். பெரியவர்தான் மூச்சிரைக்க முன்னால் போய் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

“வாங்க டாக்டர். உங்களுக்காகத்தான் ரெண்டு பேரும் ஓடி வர்றோம்.”

டாக்டரின் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. இரண்டு பேரை அனுப்பியதற்கு நன்றி என்று முதலாளியிடம் போனிலேயே சொன்னார். அவரை ஓட்டலில் விட்ட பிறகு, பெரியவரை மகன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான் தம்பி.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு, அந்த இன்னொருத்தன் யார் என்று கேட்டார். தம்பி ஒன்றையும் மறைக்கவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றான். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, சாவியை அவன் பக்கமே தள்ளினார்.

“டாக்டர் அடுத்த மாசமும் வர்றாராம்டா. அந்தப் பெரியவரையும் அனுப்பணுமாம். அவருக்கு நான் எங்க போறது?”

“வீடு தெரியும் சார். நான் பிக்கப் பண்ணிக்கிறேன்.”